கேசினோ காசு பார்ப்பது எப்படி? சிங்கப்பூர்க் கேசினோக்களை வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

சிங்கப்பூரில் கேசினோ இரண்டே இரண்டுதான். செந்தோசாத் தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு 2010 பிப்ரவரி 14 அன்று திறந்தது. மரினா பே சாண்ட்ஸ் அதே ஆண்டு ஏப்ரலில் திறந்தது. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களும் அங்கேயே வேலை பார்ப்பவர்களும் வழக்கமாகக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு நாணயம் குறிப்பிடாத இடங்களில் தொகை சிங்கப்பூர் வெள்ளியில். தேவைப்படும் இடங்களில் கோவா, மக்காவ், அமெரிக்கா பற்றியும் வரும்.

ஏமாற்று வேலை இல்லை என்றால் கேசினோவுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது?

தோற்றவர்கள் விட்ட பணம்தான் லாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. ஜெயித்தவருக்குச் சேர வேண்டியதைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதில்தான் லாபம் பிறக்கிறது.

ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் 1 வெள்ளி வைத்து அது விழுந்தால் 35 வெள்ளி தருவார்கள், வைத்த வெள்ளியும் திரும்பி வரும். 37 எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி வைத்துப் பாருங்கள். மேசையில் 37 வெள்ளி கிடக்கும். பந்து எங்கே விழுந்தாலும் கைக்கு வருவது 36. காணாமல்போன ஒரு வெள்ளி, அதாவது 2.70 விழுக்காடு, கேசினோவின் பங்கு. தொழிலில் இதை ஹவுஸ் எட்ஜ் என்பார்கள், இனி எட்ஜ் என்றே சொல்வோம். சக்கரத்தில் 00 என்று இன்னொரு குழி இருந்தால் எட்ஜ் 5.26 ஆகிறது. 000-உம் சேர்ந்தால் 7.69. கொடுக்கும் தொகை அதே 35தான், குழி மட்டும் கூடுகிறது. ஆகவே உட்காருவதற்கு முன் சக்கரத்தில் பச்சைக் குழி, அதாவது 0 வகைக் குழி, எத்தனை என்று எண்ணிவிடுங்கள்.

சக்கரம் நேர்மையாகச் சுழல வேண்டும் என்பதில் ஆட வந்தவரைவிடக் கேசினோவுக்கே அக்கறை அதிகம். சக்கரம் லேசாகச் சாய்ந்திருந்தால் சில எண்கள் கூடுதலாக விழும். அதைக் குறித்துவைத்து அடிப்பவர்கள் உண்டு. அதனால்தான் ரசமட்டம் வைத்துச் சக்கரத்தைச் சரிபார்க்கிறார்கள்.

ஆனால் ஒரே இரவில் பெருந்தொகை ஜெயித்தவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். ஒருவரும் ஜெயிக்காத கூடத்துக்கு யார் வருவார்கள்?

37 குழிச் சக்கரத்தில் சிவப்பின் மேல் (18 எண்கள், ஜெயித்தால் ஒன்றுக்கு ஒன்று) ஒரே தொகையை வைத்து 100 முறை ஆடினால், முடிவில் லாபத்தோடு எழுந்திருக்க ஏறக்குறைய 36 விழுக்காடு வாய்ப்பு. மூன்றில் ஒருவருக்கும் மேல் சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். அதே ஆட்டத்தை 1,000 முறை ஆடினால் வாய்ப்பு 19 விழுக்காடு. 10,000 முறை ஆடினால் முந்நூறில் ஒருவர். தனி ஆள் ஆடுவது சில நூறு சுற்று. கேசினோவோ எல்லா மேசைகளிலுமாக ஒரே நாளில் பல லட்சம் சுற்று ஆடுகிறது. அதிர்ஷ்டம் என்பது குறைவாக ஆடுபவருக்கு மட்டும் உள்ள சமாச்சாரம்.

எந்த ஆட்டத்தில் எட்ஜ் எவ்வளவு?

சிங்கப்பூரிலும் மக்காவிலும் கூட்டம் மொய்ப்பது பக்கரா மேசையில். பேங்கர், பிளேயர் என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் வைக்கும் சீட்டாட்டம் அது. எட்டுக் கட்டு, 416 சீட்டு. பேங்கர் பக்கம் எட்ஜ் 1.06 விழுக்காடு. ஜெயித்த தொகையில் 5 விழுக்காடு கமிஷன் பிடித்த பிறகும் கணக்கு இதுதான். பிளேயர் பக்கம் 1.24. ஆனால் அதே மேசையில் ‘டை’, அதாவது இரண்டும் சமன், என்ற கட்டத்தில் வைத்தால், 8 மடங்கு தரும் மேசையில், எட்ஜ் 14.36. ஒரு சாண் தள்ளி வைத்ததற்கு இவ்வளவு வித்தியாசம். கமிஷன் கிடையாது என்று பலகை மாட்டிய மேசைகளைக் கவனியுங்கள். அவற்றில் பேங்கர் 6 புள்ளியில் ஜெயித்தால் பாதித் தொகைதான் தருவார்கள். அதனால் எட்ஜ் 1.46 ஆகிவிடும். கமிஷன் கட்டுவதே மலிவு.

21-ஐத் தாண்டாமல் நெருங்கப் பார்க்கும் பிளாக்ஜாக்கில் எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அட்டவணையை மனப்பாடம் செய்து, அதிலிருந்து வழுவாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் எட்ஜ் அரை விழுக்காடு அளவில் நிற்கும். ‘தோணுச்சு, இழுத்தேன்’ என்று ஆடினால் அதைப்போலப் பல மடங்கு. இங்கே பார்க்க வேண்டியது ஒரே விஷயம்: முதல் இரண்டு சீட்டில் 21 வந்தால் 2-க்கு 3 தருகிறார்களா, 5-க்கு 6-ஆ? 5-க்கு 6 என்றால், 10 வெள்ளிக்கு 15 வர வேண்டிய இடத்தில் 12தான் வரும். அந்தக் கை சுமார் 21 ஆட்டத்துக்கு ஒருமுறை வருவதால், இந்தச் சின்ன மாற்றம் எட்ஜில் 1.4 விழுக்காட்டுக்கு அருகே ஏற்றிவிடுகிறது.

மூன்று தாயக்கட்டை உருட்டும் சிக் போவில் கூட்டுத்தொகை பெரியது, சிறியது என்று வைத்தால் எட்ஜ் 2.78. குறிப்பிட்ட எண் மூன்று கட்டையிலும் விழும் என்று வைத்தால் உண்மை வாய்ப்பு 216-இல் ஒன்று. 150 மடங்கு தரும் மேசையில் எட்ஜ் 30 விழுக்காடு. அதையும் விரும்பி வைக்கிறார்கள்.

நம்மூர் மங்காத்தாவும் இந்தப் பட்டியலில் உண்டு. உள்ளே, வெளியே என்று நாம் போடுவதைத்தான் கோவாவில் அந்தர் பாஹர் என்கிறார்கள். முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு 51.5 விழுக்காடு வாய்ப்பு, மறுபக்கத்துக்கு 48.5. திண்ணையில் ஆடும்போது இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேசினோ எடுக்கும். முதல் பக்கம் ஜெயித்தால் 100-க்கு 90 மட்டும், மறுபக்கத்துக்கு முழு 100. இப்படிக் கொடுத்தால் முதல் பக்கம் எட்ஜ் 2.15, மறுபக்கம் 3. எந்தப் பக்கம் வைத்தாலும் அவர்களுக்குச் சரி.

ஒரு விழுக்காடுதானே? 1,000 வெள்ளியோடு போனால் 10 வெள்ளிதான் போகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

எட்ஜ் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். ஜெயித்து வந்ததைத் திரும்பவும் வைக்கிறீர்கள், அதற்கும் எட்ஜ் உண்டு. பக்கரா மேசையில் மணிக்கு 70 ஆட்டம் போகும் என்று வையுங்கள். ஆட்டத்துக்கு 50 வெள்ளி. நான்கு மணி நேரத்தில் நீங்கள் வைத்த மொத்தத் தொகை 14,000. பேங்கர், பிளேயர் இரண்டிலும் மாறி மாறி வைத்தால் சராசரி எட்ஜ் சுமார் 1.2, ஆக 168 வெள்ளி. கொண்டுபோன ஆயிரத்தில் அது 16.8 விழுக்காடு. கேசினோ தன் அறிக்கையில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். மேசைப் பெட்டியில் விழுந்த பணம் ‘டிராப்’, அதில் கேசினோவிடம் தங்கியது ‘ஹோல்டு’. எட்ஜை ஆட்டத்தின் விதி தீர்மானிக்கிறது. ஹோல்டைத் தீர்மானிப்பது நீங்கள் எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்பது.

ஆகவே ஆட்டத்தின் விலையை மணிக்கணக்கில் போடுங்கள். பந்தயத் தொகை, மணிக்கு எத்தனை ஆட்டம், எட்ஜ், மூன்றையும் பெருக்கினால் போதும். 50 வெள்ளி பேங்கர்: 50 × 70 × 1.06 விழுக்காடு, மணிக்கு 37 வெள்ளி. அதோடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 10 வெள்ளியைச் சும்மா டையில் போட்டுவைத்தால் அதற்கு மட்டும் தனியாக மணிக்கு 100 வெள்ளி. விளையாட்டாகப் போட்ட சில்லறை, முக்கியப் பந்தயத்தைவிடப் பெரிய ஓட்டை. ஒரு வெள்ளி ஜாக்பாட் மெஷின் 92 விழுக்காடு திருப்பித் தருவதாகவும், மணிக்கு 600 முறை தட்டுவதாகவும் வைத்தால் 48 வெள்ளி. ஐம்பது வெள்ளி மேசையில் உட்காரத் தயங்கி ஒரு வெள்ளி மெஷினுக்குப் போகிறவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேசினோ வேகத்தைக் கூட்டப் பாடுபடுவதும் இதனால்தான். சீட்டுக் கலைக்கும் மெஷின், ஒரே டீலரின் ஆட்டத்தை வைத்துப் பல திரைகளில் பந்தயம் கட்டும் ஏற்பாடு, காசு போடுவதற்குப் பதில் டிக்கெட் நுழைக்கும் ஜாக்பாட் மெஷின், எல்லாமே பெருக்கலின் நடு எண்ணை ஏற்றும் வேலைகள்.

ஜாக்பாட் மெஷின் உள்ளே என்ன நடக்கிறது? ‘சூடான’ மெஷின் என்று உண்டா?

கிடையாது. உள்ளே ஒரு நிரல் ஓயாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும், யாரும் ஆடாதபோதும். பொத்தானைத் தட்டிய நொடியில் இருந்த எண்தான் முடிவு. திரையில் உருளைகள் சுழல்வது முடிவை உங்களுக்குச் சொல்லும் நாடகம். நீங்கள் எழுந்துபோன மெஷினில் அடுத்தவருக்கு ஜாக்பாட் விழுந்தால் வயிறு எரியும்தான். ஆனால் நீங்களே உட்கார்ந்திருந்தாலும் அதே நொடியின் அதே துணுக்கில் தட்டியிருக்க மாட்டீர்கள்.

பழைய இயந்திர உருளையில் 22 நிறுத்தங்கள் என்றால், மூன்று உருளையிலும் ஒரே படம் விழ அதிகபட்சம் 10,648-இல் ஒரு வாய்ப்பு. பெரிய பரிசு தர அது போதாது. 1984-இல் தெல்நாஸ் (Inge Telnaes) என்பவர் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியும் 22 நிறுத்தங்களுக்குப் பின்னால், கணினிக்குள் 64 அல்லது அதற்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் உள்ள கற்பனை உருளை. 64 என்றால் வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று. வெற்றிடங்களுக்கும் சின்னப் படங்களுக்கும் கற்பனை நிறுத்தங்களை அதிகமாக ஒதுக்கலாம். ஜாக்பாட் படத்துக்கு ஒட்டி மேலேயும் கீழேயும் உள்ள வெற்றிடங்களுக்குத் தாராளமாக ஒதுக்கினால், ‘ஐயோ, ஒரு கட்டத்தில் போச்சே’ என்ற காட்சி அடிக்கடி வரும். மயிரிழையில் தவறியதாகத் தோன்றுவது மயிரிழையே அல்ல.

இன்னொரு தந்திரம் சத்தம். 1 வெள்ளி போட்டு 40 காசு திரும்பினாலும் மெஷின் மணியடித்துக் கொண்டாடும். 60 காசு நட்டத்துக்கு மேளதாளம்.

மெஷின் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதற்குச் சட்டம் தரை போடும் இடங்கள் உண்டு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 75, நியூ ஜெர்சி மாநிலத்தில் 83 விழுக்காடு. இது லட்சக்கணக்கான சுழற்சிகளின் சராசரி. உங்கள் 100 வெள்ளிக்கு 83 உத்தரவாதம் என்று பொருளல்ல. மெஷினில் கைவைப்பது வெளியாள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். நெவாடாவின் கட்டுப்பாட்டு வாரியத்திலேயே மெஷின் மென்பொருளைச் சோதித்துவந்த ஊழியர் ஒருவர் மோசடியில் 1995-இல் பிடிபட்டார். அதனால்தான் சில்லுகளுக்கு முத்திரை, மெஷினைத் திறந்தால் பதிவு, இரட்டைச் சாவி எல்லாம்.

தோற்றால் இரட்டிப்பு, ஜெயித்தால் முதல் தொகை. இந்த முறை ஏன் எடுபடாது?

10 வெள்ளியில் தொடங்கி 20, 40, 80, 160, 320, 640, 1,280, 2,560. ஒன்பது முறை தோற்றால் போனது 5,110. அடுத்து 5,120 வைக்க வேண்டும். மேசையின் உச்சவரம்பு 5,000 என்றால் வைக்க விடமாட்டார்கள். வரம்பு இல்லாத மேசையிலும் உங்கள் பைக்கு வரம்பு உண்டு. 37 குழிச் சக்கரத்தில் தொடர்ந்து ஒன்பது தோல்வி 403 தொடருக்கு ஒருமுறை வரும். மற்ற 402 தொடரில் தலா 10 வெள்ளி, மொத்தம் 4,020. ஒரே தொடரில் 5,110 போகும். பல நாள் சின்னச் சின்ன லாபம், ஒரு நாள் மொத்தமும் காலி. முறை வேலை செய்கிறது என்று சத்தியம் செய்பவர்கள் அந்த ஒரு நாளை இன்னும் பார்க்காதவர்கள்.

பக்கரா மேசையில் எல்லோரும் முந்தைய ஆட்டங்களின் முடிவைச் சிவப்பு, நீல வட்டம் போட்டு எழுதுகிறார்களே, பயன் உண்டா?

அந்த அட்டையையும் பேனாவையும் இலவசமாகத் தருவது யார் என்று பாருங்கள். மேசையின் தலைமாட்டில் அதே வரலாற்றைத் திரையில் ஓட்டுவதும் கேசினோதான். ஜெயிக்க உதவும் பொருளாக இருந்தால் கொடுப்பார்களா?

பணத்துக்குப் பதில் சிப் எதற்கு?

நூறு வெள்ளி நோட்டை மேசையில் வைக்க மனம் துணுக்குறும், பிளாஸ்டிக் வில்லையை வைக்க அவ்வளவு தோன்றாது. இது எல்லோரும் சொல்லும் காரணம், உண்மையும்கூட. கேசினோவுக்குள் இருந்து பார்த்தால் எண்ணிக்கையும் பாதுகாப்புமே பெரிய காரணம். ஒரே உயரத்தில் அடுக்கினால் கேமராவுக்கே தொகை தெரியும். பெரிய மதிப்புள்ளவற்றில் ரேடியோ சில்லு இருக்கும். வெளியே கொள்ளை போனாலும் செல்லாததாக்கிவிடலாம். 2010 டிசம்பரில் லாஸ் வேகஸ் பெல்லாஜியோவுக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஒருவன் சுமார் 15 லட்சம் டாலர் மதிப்புள்ள சிப்களை அள்ளிக்கொண்டு ஓடினான். 25,000 டாலர் சிப் வரிசையையே கேசினோ செல்லாது என்று அறிவித்தது. விற்க முயன்று மாட்டிக்கொண்டான்.

ரூலெட் மேசையில் ஆளுக்கொரு நிறத்தில் தரும் சிப்களில் மதிப்பு அச்சிட்டிருக்காது. அந்த மேசைக்கு, அந்த நேரத்துக்கு மட்டும் உரியவை. எழுவதற்கு முன் டீலரிடமே கொடுத்து மதிப்பு அச்சிட்ட சிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். பையில் போட்டுக்கொண்டு காசாளர் கவுண்ட்டருக்குப் போய் வாதாடுபவர்கள் உண்டு. செந்தோசாச் சிப் மரினா பேயில் செல்லாது, இதையும் சொல்லிவைக்கிறோம்.

டீலர் மேசையை விட்டுப் போகும்போது கைதட்டி உள்ளங்கையைக் காட்டுவது ஏன்?

கையில் சிப் எதுவும் ஒட்டிக்கொண்டு போகவில்லை என்று தலைக்கு மேலுள்ள கேமராவுக்குக் காட்டுகிறார். கேசினோவில் காசு நகரும் ஒவ்வோர் அசைவுக்கும் இப்படி ஒரு சடங்கு உண்டு. நீங்கள் நோட்டைக் கொடுத்தால் கையில் வாங்க மாட்டார். மேசையில் வைக்கச் சொல்லி, விசிறிபோல் விரித்து, தொகையை உரக்கச் சொல்லி, மேற்பார்வையாளர் ஆமோதித்த பிறகே சிப்பைத் தள்ளுவார். நோட்டு ஒரு தகட்டால் அழுத்தப்பட்டு மேசைக்கு அடியில் பூட்டிய பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டியின் சாவி மேசைப் பிரிவில் யாரிடமும் இராது. பெட்டியைக் கழற்றுபவர் ஒரு குழு, எண்ணுபவர் வேறு குழு. எண்ணும் அறையில் பையில்லாத உடை. மேசைத் தட்டில் சிப் குறைந்தால் ‘ஃபில்’ சீட்டு எழுதிக் காசாளர் கூண்டிலிருந்து வரும், கூடினால் ‘கிரெடிட்’ சீட்டோடு திரும்பும். தொடக்க இருப்பு, ஃபில், கிரெடிட், பெட்டிப் பணம், முடிவு இருப்பு ஐந்தையும் வைத்துத்தான் ஒரு மேசையின் அன்றைய வரவு தெரியும். வட்டிக்கடைக் கணக்கைவிடக் கறாரான கணக்கு.

பிசகு அதிகம் நடப்பது இரண்டு இடத்தில். ஒன்று, டீலர் தவறாகக் கூடுதலாகவோ குறைவாகவோ கொடுப்பது. இரண்டு, ரூலெட்டில் பந்து விழுந்த பிறகு நைசாகச் சிப்பை நகர்த்துவது. உங்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டதாகத் தோன்றினால் சிப்பைத் தொடாதீர்கள். அடுத்த ஆட்டம் தொடங்குவதற்கு முன் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் கேமரா அறையைக் கூப்பிட்டுப் பதிவை ஓட்டிப் பார்ப்பார். இரண்டு ஆட்டம் கழித்துச் சொன்னால், சிப்கள் கலைந்திருக்கும், நிரூபிப்பது பெரும்பாடு.

சீட்டை எண்ணி ஜெயிக்க முடியுமா? அது குற்றமா?

பிளாக்ஜாக்கில் மட்டும் முடியும். பெரிய சீட்டுகள் மீதமிருக்கும் கட்டத்தில் ஆடுபவருக்குச் சாதகம் சாயும். அப்போது தொகையைக் கூட்ட வேண்டும். மூளையால் எண்ணுவது குற்றமல்ல, கருவி வைத்து எண்ணினால் கதை வேறு. ஆனால் நெவாடாவில் கேசினோ உங்களை எழுந்துபோகச் சொல்லலாம். நியூ ஜெர்சியில் சொல்லக்கூடாது என்று, சீட்டு எண்ணுபவரான கென் அஸ்டன் வழக்கில் 1982-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுக்க முடியாத இடத்தில் கேசினோ என்ன செய்யும்? சீட்டை நடுவிலேயே கலைக்கும். ஓயாமல் கலைக்கும் மெஷினைக் கொண்டுவரும். எண்ணுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

கேசினோவுக்கு இதைவிடப் பெரிய பாடம் 2012-இல் லண்டனின் கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் கிடைத்தது. போக்கர் வீரர் ஃபில் ஐவி பக்கராவின் ஒரு வகையில் சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். சீட்டின் பின்புற அச்சு ஓரத்தில் சமச்சீராக இல்லை. ராசி என்று சொல்லி நல்ல சீட்டுகளை மட்டும் அவரும் கூட வந்தவரும் டீலரைக் கொண்டே திருப்பி வைக்கச் செய்தார்கள். கேசினோ பணம் தர மறுத்தது. 2017-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்றே என்றது. ராசிக்காரர்கள் கேட்பதையெல்லாம் செய்து கொடுக்கும் பழக்கம்தான் அங்கே ஓட்டை.

இலவச அறை, சாப்பாடு, படகுச் சவாரி எல்லாம் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

மேலே சொன்ன மணிக்கணக்குச் சூத்திரம் நினைவிருக்கிறதா? உறுப்பினர் அட்டையைச் செருகியதும் அந்தக் கணக்கு உங்கள் பெயரில் ஓடத் தொடங்கும். மேசையில் மேற்பார்வையாளர் உங்கள் சராசரிப் பந்தயத்தையும் உட்கார்ந்த நேரத்தையும் பதிகிறார். வருவது ‘தியோ’, அதாவது கணக்குப்படி உங்களிடமிருந்து வர வேண்டிய வருமானம். அதில் ஒரு பங்கைத்தான் இலவசமாகத் திருப்பித் தருகிறார்கள். அன்று நீங்கள் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பது அவ்வளவு முக்கியமல்ல. 500 வெள்ளி அறை இலவசமாகக் கிடைத்தால், அதைவிட அதிகமான தொகை உங்கள் தியோவில் ஏறியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பெரும் பணக்காரர்கள் ஆடும் தனியறையில் கணக்கு வேறா?

வேறுதான். அங்கே புழங்குவது ரோலிங் சிப். அதைக் காசாக மாற்ற முடியாது, பந்தயம் மட்டும் வைக்கலாம். தோற்றால் ரோலிங் சிப் போகும். ஜெயித்தால் சாதாரணச் சிப் வரும். ரோலிங் சிப் தீர்ந்ததும் சாதாரணச் சிப்பைக் கொடுத்து மறுபடி வாங்க வேண்டும். இப்படி எவ்வளவு ‘உருட்டினார்’ என்பதே அவருடைய வியாபார அளவு, அவரைக் கூட்டிவந்த தரகருக்குக் கமிஷனும் அதன்மேல்தான். தோற்ற சிப் மட்டுமே இந்தக் கணக்கில் ஏறுவதால், உருட்டிய தொகையில் கேசினோவின் எதிர்பார்ப்பு பேங்கருக்கு சுமார் 2.4, பிளேயருக்கு 2.7 விழுக்காடு. மக்காவில் 2009-இல் தரகர் கமிஷனுக்கு 1.25 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். பாதி அங்கேயே போய்விடுகிறது. மீதியில் வரி, அறை, விமானம்.

ஆளைக் கூட்டிவந்து, கடன் கொடுத்து, பிறகு வசூலிப்பதும் தரகர்கள்தான். மக்காவ் இந்த வழியில் கொழுத்தது, இதே வழியில் அடிவாங்கவும் செய்தது. தரகு நிறுவனமான சன்சிட்டி குழுமத்தின் ஆல்வின் சாவ் 2021 நவம்பரில் கைதாகி, 2023 ஜனவரியில் 18 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். சிங்கப்பூர் தொடக்கத்திலிருந்தே தரகர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று இறுக்கிப் பிடித்தது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கேசினோ கடன் தர வேண்டுமானால் அவர் ஒரு லட்சம் வெள்ளி வைப்பு வைத்த பிரீமியம் ஆட்டக்காரராக இருக்க வேண்டும்.

அரசுக்கு எவ்வளவு போகிறது? ஜெயித்தவர் வரி கட்ட வேண்டுமா?

சிங்கப்பூரில் 2022 மார்ச்சிலிருந்து படிநிலை வரி. பிரீமியம் ஆட்டக்காரர்களிடமிருந்து வரும் வருவாய்க்கு 8 விழுக்காடு, ஆண்டுக்கு 240 கோடி வெள்ளியைத் தாண்டினால் தாண்டியதற்கு 12. மற்றவர்களிடமிருந்து வருவதற்கு 18, 310 கோடியைத் தாண்டியதற்கு 22. மக்காவில் எல்லாம் சேர்த்து 40-ஐத் தொடும். ஜெயித்த தொகைக்குச் சிங்கப்பூரில் வருமான வரி கிடையாது. ஆனால் இந்தியாவில் வசிப்பவர் என்றால், உலகில் எங்கே ஜெயித்தாலும் இந்திய வருமான வரியில் காட்ட வேண்டும். விகிதம் 30 விழுக்காடு, கூடுதல் வரிகள் தனி. தோற்றதைக் கழிக்க முடியாது.

கோவாவில் எப்படி?

பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் மேசை ஆட்டம், கரையில் நட்சத்திர விடுதிகளில் மெஷின்கள். கோவாக்காரர்கள் ஆடும் பகுதிக்குள் வர 2020 பிப்ரவரியிலிருந்து தடை. வருபவர் எல்லாம் வெளியூர்க்காரர்கள்.

இங்கே கணக்கைக் கவிழ்ப்பது ஜிஎஸ்டி. 2023 அக்டோபர் முதல், வாங்கும் சிப்பின் முகமதிப்பின் மேல் 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் 40. ஜெயித்த சிப்பைத் திரும்ப வைத்தால் மறுபடி வரி இல்லை, அந்தமட்டில் நிம்மதி. வரி உட்பட 10,000 ரூபாய் கொடுத்தால் ஆடக் கிடைப்பது 7,143 ரூபாய்ச் சிப். முதல் சீட்டு விழுவதற்கு முன்பே 2,857 போய்விட்டது. கேசினோ இதைத் தானே ஏற்க முடியுமா? பெட்டியில் விழும் நூறில் அவர்களிடம் தங்குவதே இருபதுக்கு அக்கம்பக்கம் என்னும்போது, நாற்பதை எங்கிருந்து தருவது?

நுழைவுக் கட்டணத்தோடு தரும் ‘ஓடிபி’ (ஒன் டைம் பிளே) கூப்பன்களையும் பாருங்கள். ஒருமுறை மட்டும் வைக்கலாம். ஜெயித்தாலும் கூப்பன் திரும்பாது, ஜெயித்த தொகை மட்டும் வரும். ஆகவே ஒன்றுக்கு ஒன்று தரும் பந்தயத்தில் 1,000 ரூபாய்க் கூப்பனின் உண்மை மதிப்பு 500-க்கும் கொஞ்சம் கீழே. அதை மெயின் சிப்போடு கலக்காமல் முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

கேசினோ நட்டமாகி மூடுவதும் உண்டா?

உண்டு. நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 2014-இல் மட்டும் நான்கு மூடின. அவற்றில் ஒன்றான ரெவெல் 240 கோடி டாலர் செலவில் எழுந்து, 2012-இல் திறந்து, இரண்டே ஆண்டில் பூட்டியது. மேசை யாரையும் ஏமாற்றவில்லை, எட்ஜ் எங்கும் போகவில்லை. பக்கத்து மாநிலங்களில் புதுக் கேசினோக்கள் வந்து கூட்டம் குறைந்தது, கடன் வட்டி குறையவில்லை. எட்ஜ் எவ்வளவு பணமாகும் என்பது வருபவர் தலையைப் பொறுத்தது. அதனால்தான் சிங்கப்பூரில் இரண்டுக்கு மேல் உரிமம் இல்லை என்பது அந்த இரண்டுக்கும் பெரிய சொத்து.

உள்ளே பிராணவாயு அடிக்கிறார்களாமே?

வதந்தி. தீப்பிடித்தால் யார் பொறுப்பு? கடிகாரம் இல்லை, ஜன்னல் இல்லை என்பது பல இடங்களில் உண்மை. உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது, மணியை அதில் பாருங்கள்.

உள்ளே போகக் கட்டணம் உண்டா?

சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி, அல்லது ஆண்டுக்கு 3,000 வெள்ளி கட்ட வேண்டும். 2019 ஏப்ரல் வரை இது 100-உம் 2,000-உம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட் போன்ற அசல் ஆவணம் போதும். இந்தப் பணம் கேசினோவுக்குப் போவதில்லை, அரசு சார்ந்த தோட் வாரியத்தின் வழியாக அறப்பணிகளுக்குப் போகிறது. 25 வெள்ளி வைத்துப் பக்கராவில் பேங்கர் ஆடுபவருக்கு மணிக்குச் செலவு 18.55. அவர் கட்டிய 150, எட்டு மணி நேர ஆட்டத்தின் விலை. கட்டிவிட்டோமே என்று 24 மணி நேரமும் உள்ளேயே இருப்பவர், எட்ஜுக்கு அதைப்போல மூன்று மடங்கு கொடுக்கிறார்.

உள்ளே ஏடிஎம் கிடையாது. வெளியே போய் எடுத்து வர நடக்கும் அந்தச் சில நிமிடம் வேண்டுமென்றே வைத்தது.

வீட்டில் ஒருவர் அங்கேயே கிடக்கிறார். தடுக்க வழி உண்டா?

சிங்கப்பூரில் மூன்று வகைத் தடை உண்டு. முதலாவது, தானே எழுதிக் கொடுத்துத் தன்னைத் தடைசெய்துகொள்வது. வேலை அனுமதியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, குடும்பத்தார் கேட்டுப் பெறும் தடை. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் கேட்கலாம். மூன்றாவது தானாகவே விழும்: திவாலானவர்கள், அரசின் சமூக உதவித்தொகை பெறுபவர்கள், வாடகை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் வாடகை பாக்கி வைத்தவர்கள். முழுத் தடை வேண்டாம் என்றால், மாதத்துக்கு இத்தனை முறை என்று வரம்பு வைக்கவும் ஏற்பாடு உண்டு.

குடும்பத் தடைக்கு விண்ணப்பித்தால் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கடன் கடிதம், வங்கி அறிக்கை, அடகு ரசீது என்று கையில் இருப்பதை எல்லாம் எடுத்துப் போங்கள். தேசியச் சூதாட்டப் பிரச்சினை உதவித் தொலைபேசி எண் 1800-6-668-668.